பரமாணு வித்தைக்குக் குரு யார்?

சென்ற மாதம் நம் நண்பர் ஒருவர் ஒரு கேள்வியுடன் வந்து சேர்ந்தார். கணக்கு ஆபீஸில் உத்தியோகம், வயது முப்பத்தைந்து. கல்லூரியில் பௌதிக சாஸ்திரம் கற்க ஆசைப்பட்டவர், குடும்ப நிலைமையால் வேறு திசையில் திரும்ப நேர்ந்தது. ஆசை மட்டும் திரும்பவில்லை. குவார்க், நியூட்ரினோ, ஹிக்ஸ் என்று பத்து வருஷமாக ஜனரஞ்சகப் புத்தகங்களை வாசித்துக் குவித்திருக்கிறார். "கதையெல்லாம் தெரிகிறது; விஷயம் ஒன்றும் தெரியவில்லை. இனிமேல் ஆழ்ந்து படிக்கலாமா? காலம் கடந்துவிட்டதா?" என்றார்.

ஸர் சி. வி. ராமன் 1907-ல் சர்க்கார் கணக்கு இலாகாவில் சேர்ந்து, ஆபீஸ் வேளை போக மிஞ்சிய நேரத்தில் கல்கத்தா விஞ்ஞான சங்கத்தில் ஆராய்ச்சி நடத்தியதை நாம் எடுத்துச் சொன்னோம். "அவர் எம். ஏ. தேறியவர்" என்று நண்பர் நினைவூட்டினார். நியாயந்தான். ஆகவே உதாரண புருஷர்களை விட்டுவிட்டு, ஒரு கணக்கைக் கொடுத்தோம்.

விண்கதிர்கள் காற்று மண்டலத்தைத் தாக்கும்போது, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் மியுவான் என்னும் துகள் பிறக்கிறது. எலெக்ட்ரானைப்போல் 207 மடங்கு நிறை. அதன் சராசரி ஆயுள் ஒரு செகண்டின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும். பதினைந்து கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய இருபத்து மூன்று ஆயுள். நூறு கோடியில் ஒன்றுகூடத் தரையை எட்டக் கூடாது. ஆனால் கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு மியுவான் விழுந்தவண்ணம் இருக்கிறது. இதை நீங்கள் வாசிக்கும்போதே உங்கள் உள்ளங்கையைத் துளைத்துச் செல்கிறது!

முரண்பாட்டைத் தீர்ப்பது ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கை. வேகமாக ஓடும் மியுவானின் கடிகாரம் நம் பார்வையில் மெதுவாக நடக்கிறது. எத்தனை மடங்கு என்றால், அதன் மொத்த சக்தியை ஓய்வு நிலைச் சக்தியால் வகுத்து வரும் மடங்கு. அது நாற்பதானால் 660 மீட்டர் 26 கிலோமீட்டராகிவிடுகிறது. ரோஸி, ஹால் என்னும் இருவர் அமெரிக்க மலைப் பிரதேசத்தில் வெவ்வேறு உயரங்களில் மியுவான்களை எண்ணி, இந்தக் காலநீட்சியை 1941-ல் மெய்ப்பித்தார்கள்.

இந்தக் கணக்கைத் தாமே காகிதத்தில் போட்டுப் பார்த்தவர் துகள் பௌதிகத்தின் வாசற்படியில் கால் வைத்துவிட்டார் என்பது நம் அபிப்பிராயம். படிக்காமல் தலையசைத்தவர் இன்னும் தெருவில்தான் நிற்கிறார். (நாமும் வெகு நாள் அந்தத் தெருவில் நின்றதுண்டு.) ஆசிரியர் இல்லாதவனுக்குத் தவற்றைச் சுட்டிக் காட்ட விடையின் எண் ஒன்றுதான் உண்டு.

மேலே செல்லும் வழி நீண்டது, மறைக்க வேண்டியதில்லை. நுண்கணிதம், இயக்கவியல், மின்காந்தவியல் முதலில். இதற்கு ஃபெய்ன்மன் 1961 முதல் 1963 வரை கலிபோர்னியாவில் நிகழ்த்திய விரிவுரைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிறகு குவாண்டம் இயக்கவியல். அதைத் தாண்டிக் குதிக்கவே கூடாது. அதன்பின் 1987-ல் முதற் பதிப்பு வெளிவந்த கிரிஃபித்ஸின் அடிப்படைத் துகள் அறிமுக நூல். அத்தியாயத்தின் இறுதியிலுள்ள கணக்குகளே அதில் உயிர்நாடி. குவாண்டம் புலக் கொள்கையை அதற்கப்புறம் தொடலாம். மாலையில் ஒரு மணி நேரம் என்றால் சில வருஷங்கள் பிடிக்கும். பேராய்வுக் கூடமான செர்னின் பரிசோதனை விவரங்களும் 2014 முதல் எவரும் எடுத்து ஆராயும்படி வெளியிடப்பட்டு வருகின்றன.

நண்பர் இடையில் ஒருநாள் வாடிய முகத்துடன் வந்தார். ஓய்விலிருக்கும் பையான் என்னும் துகள் மியுவானாகவும் நியூட்ரினோவாகவும் சிதையும்போது மியுவானின் வேகம் என்ன என்பது கணக்கு. அவருக்கு ஒளியைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல் வந்திருந்தது. "நமக்கு இது வராது ஸார்" என்றார். நாம் விடையைச் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலையில், காபிகூட ஆகாத வேளையில், கதவைத் தட்டினார். கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கழித்தலும், கழித்தல் இடத்தில் கூட்டலும் போட்டிருந்தாராம். ஆபீஸ் காகிதத்தின் பின்புறத்தில், இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதியிருந்தது: ஒளியின் வேகத்தில் 0.271 பங்கு.