டர்போ காரில் ஸ்பார்க்கை எவ்வளவு முன்னே தள்ளலாம்?

பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே ஸ்பார்க் அடிக்கணும். கலவை எரிய நேரம் வேணுமே! அதை முன்னே தள்ளத் தள்ள டார்க் ஏறும், ஓர் எல்லை வரை. டர்போவில் பூஸ்ட் ஏறினால் அந்த எல்லைக்கு முன்னாடியே நாக்கிங் வந்துடும்: எரியாத மிச்சக் கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானாக வெடிக்கும். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐயின் 2.5 லிட்டர் எஞ்சினில் இதனால் பெரும்பாலும் உடைவது, பிஸ்டன் ரிங்குகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய விளிம்பு.

அதனால் குறைந்த டைமிங்கில் ஆரம்பிங்க. டைனோவில், வழக்கமாகப் போடும் பெட்ரோலோடு, ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டுங்க. டார்க் ஏறலைன்னா நிறுத்துங்க. நாக்கிங் தெரிந்தால் உடனே காலை எடுத்துட்டு, 2 டிகிரியாவது குறைங்க. வெயில் நாளுக்கு அந்த இடைவெளி வேணும். ரொம்பக் குறைத்தாலும் ஆபத்துதான், எக்ஸாஸ்ட் சூடு டர்போவைப் பதம் பார்க்கும். ஈசியூ காப்பாற்றும்னு விட்டுடாதீங்க. நாக் சென்சார் விழிப்பது முதல் அடி விழுந்த பிறகுதான்.