துளை போடாமல் நுழையும் கிருமி

"மலேரியாக் கிருமி சிவப்பணுவைத் துளைத்துக்கொண்டு போகிறது என்றால், அந்த ஓட்டை வழியாக உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டிவிடாதா?" என்று பிளஸ் டூ படிக்கும் வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. ஓட்டையே விழுவதில்லை என்பதுதான் பதில். அது எப்படி என்பது எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம்.

கொசு கடிப்பதும், கிருமி கல்லீரலுக்குப் போய் அங்கிருந்து ரத்தத்துக்கு வருவதும், குளிர்காய்ச்சலும் தெரிந்த கதைதான். நேராகச் சிவப்பணுவுக்கு வருவோம். அதைத் தேடி வரும் கிருமிக்கு மீரோசோயிட் என்று பெயர். நீளம் ஒன்றிரண்டு மைக்ரான்தான். வெள்ளையணுக்களில் சில, கிருமியைத் தாமே விழுங்கும். சிவப்பணுவுக்கு அந்த வழக்கம் இல்லை. ஆகவே கிருமி தன் பலத்தில்தான் உள்ளே போயாக வேண்டும்.

1975இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் துவோராக், லூயிஸ் மில்லர் குழுவினர், குரங்கு மலேரியாக் கிருமி இப்படி நுழைவதைப் படம் பிடித்தார்கள். கிருமி முதலில் ஏதோ ஒரு பக்கமாக ஒட்டுகிறது. சிவப்பணு நெளிந்து குலுங்குகிறது. கிருமி புரண்டு, தன் கூர்முனை அணுவின் மேல் படும்படி திரும்பிக்கொள்கிறது. அதன்பின் அரை நிமிடம் போல, ஆள் உள்ளே!

ஒட்டுவதற்கு அணுவின் மேலுள்ள புரதங்கள் உதவுகின்றன. மலேரியாக் கிருமிகளில் வைவாக்ஸ் என்ற வகைக்குப் பெரும்பாலும் டஃபி என்ற புரதம் தேவை. மேற்கு ஆப்பிரிக்கர்களில் பெரும்பாலோரின் சிவப்பணுவில் அது இல்லாததால், அங்கே வைவாக்ஸ் மலேரியா அபூர்வம். ஃபால்சிபேரம் என்ற இன்னொரு வகை, பேசிஜின் என்ற புரதத்தைப் பற்றுகிறது என்பது 2011இல் தெரியவந்தது.

ஆனால் நுழையும்போது இழுத்துப் பிடிக்க இவை போதாது. அதற்குக் கிருமி செய்வதுதான் என்னை அசத்துகிறது. கூர்முனையிலுள்ள பைகளிலிருந்து ஆர்ஓஎன்2 என்ற புரதத்தை அனுப்பி, சிவப்பணுவின் சவ்விலேயே பதித்துவிடுகிறது. பிறகு தன் உடம்பின் மேலுள்ள ஏஎம்ஏ1 என்ற புரதத்தால் அதைக் கவ்விக்கொள்கிறது. பிடிமானத்தையும் தானே கொண்டுவந்து நட்டுக்கொள்கிறது!

இந்தப் பிடிப்பு கிருமியைச் சுற்றி ஒரு வளையமாக அமைகிறது. என் அக்காவின் வளைகாப்பில் கண்ணாடி வளையல் போட்ட அம்மாள், விரல்களைக் குவித்து, புறங்கையை அமுக்கி, வளையல் உடையாமல் மணிக்கட்டுக்கு ஏற்றியது நினைவிருக்கிறது. கிருமியும் அப்படியே உடம்பைக் குறுக்கிக்கொண்டு வளையத்துக்குள் செல்கிறது. உந்தித் தள்ளுவது ஆக்டினும் மயோசினும்; நம் தசையை இயக்கும் அதே வகைப் புரதங்கள். அணுவின் சவ்வு கிழியாமல் உள்வாங்கிக் குழிகிறது. வளையம் கிருமியின் பின்முனைக்கு வந்ததும் குழியின் வாய் மூடிக்கொள்கிறது. கிருமி இப்போது ஒரு சவ்வுப் பைக்குள் பத்திரம். ஒரு சொட்டுக்கூடக் கசியாது.

சிவப்பணுவுக்கு வெளியே இருக்கும் ஓரிரு நிமிடங்களில்தான் நம் எதிர்ப்புப் புரதங்கள் அதை நேராகத் தாக்க முடியும். தடுப்பூசி ஆய்வாளர்கள் பலர் இந்தக் கட்டத்தைக் குறிவைப்பது அதனால்தான். உள்ளே போய்விட்டால் கண்டுபிடிப்பது கடினம். வைவாக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், கல்லீரல் செல்களில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து மறுபடி எழும்.

சென்னையில் வருவது பெரும்பாலும் இந்த வைவாக்ஸ்தான். காய்ச்சலைத் தணிப்பது குளோரோகுயின். கல்லீரலில் உறங்குவதை ஒழிப்பது 14 நாள் பிரைமாகுயின். மூன்றாம் நாள் உடம்பு தேறியதும் மீதி மாத்திரையை அலமாரியில் போட்டுவிடுகிறோம். ரத்தப் பரிசோதனையே செய்யாமல் மருந்துக்கடையில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. கொசுவோ நம் மொட்டைமாடித் தொட்டியிலும் மூடாத கிணற்றிலும்தான் முட்டையிடுகிறது. காய்ச்சல் வந்தால் ரத்தம் பரிசோதியுங்கள். மருத்துவர் பிரைமாகுயின் கொடுத்தால் 14 நாளும் விழுங்குங்கள். தொட்டிக்கு ஒரு மூடி போடுங்கள். இவ்வளவு நுட்பமான கிருமிக்கு எதிராக நம் கையில் இருப்பது இந்த எளிய ஒழுங்குதான். அதையும் கைவிட்டால் எப்படி?