தாய்ப்பலகை: அழகும் சோதனையும்

கம்ப்யூட்டரின் உறுப்புகளையெல்லாம் ஒன்றாக இணைத்துவைப்பது மதர்போர்டு. தமிழில் தாய்ப்பலகை என்கிறோம். விலை உயர்ந்த ரகங்களில் வண்ண விளக்குகள் கண்ணைப் பறிக்கும். பிள்ளைகள் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். அன்பர்கள் பார்க்க வேண்டியது வேறு.

முதலாவது, தோற்றம். பிராசஸரைச் சுற்றியுள்ள உலோகப் பட்டைகள் அலங்காரமல்ல. மின்சாரம் தரும் சுற்றின் சூட்டை வாங்கிக் காற்றில் விடுபவை. மடிப்புகள் இருந்தால்தான் காற்று நன்றாகப் புகும். வழவழப்பான மூடிக்கு அந்தப் பலன் குறைவு.

சின்ன உதிரிகளையும் கவனிக்கணும். ஆசுஸ் நிறுவனத்தின் மாக்சிமஸ் இசட்690 ஹீரோ பலகைகள் சிலவற்றில் ஒரு கப்பாசிட்டர் தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது. சில கருகிப்போயின. உற்றுப் பார்த்தவர்கள் படத்திலேயே கோளாறைக் கண்டுபிடித்தார்கள். கம்பெனி 2021 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. சுமார் 10,000 பலகைகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு 2022-இல் அமெரிக்காவில் வந்தது.

இரண்டாவது, சோதனை. இரு பலகைகளை ஒப்பிடும்போது பிராசஸர், ராம், பவர் சப்ளை, கூலர், அறையின் வெப்பம் எல்லாம் ஒன்றாகவே இருக்கணும். எடைக்கல்லை மாற்றி மாற்றி நிறுத்தால் நிறை தெரியுமா? இன்டெல் கோர் ஐ9-14900கே பிராசஸருக்கு இன்டெல் குறித்த உச்ச அளவு 253 வாட். அந்த வரம்பை நீக்கி ஓட்டிய பலகை வேகமாகத் தெரிந்தால், பெருமை கூடுதல் மின்சாரத்துக்கே.

மேசைமேல் திறந்துவைத்து அளந்த சூடு வேறு. நாக்பூர் கோடையில் மூடிய பெட்டிக்குள் ஏறும் சூடு வேறு. ஆகவே எத்தனை வாட், எந்த அறை வெப்பம் என்று கேளுங்கள். இதைச் சொல்லாத மதிப்பெண்ணை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.