அட்டை தேடிய அரை மணி



காலைப் பெரட்டு முடிந்ததும் கேமரன் மலைக் குளிரில் கிளினிக் வாசலில் எத்தனை பேர் நிற்கிறீர்கள்! மருந்து கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். உங்கள் அட்டையைத் தேடத்தான் நேரம் போகிறது. முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், மூச்சிரைக்கும் பிள்ளையோடு ஒரு தாய் அரை மணி உட்கார்ந்திருந்தார். நானோ அலமாரியைக் கிளறிக்கொண்டிருந்தேன். பிள்ளையை முதலில் பார்த்திருக்க வேண்டும். தப்பு என்னுடையதுதான்.

ஜப்பானில் டொயோட்டா கார் தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ என்பவர் இதைத்தான் கவனித்தார்: காத்திருப்பதும் வீணாக நடப்பதும் வேலையல்ல, விரயம். மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 கட்டிலோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், ஒருவருக்கு ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். டாக்டர் திரும்பினால் போதும்.

இப்போது அட்டைகளை லயம் வாரியாக, வீட்டு நம்பர்படி அடுக்கிவிட்டேன். நம்பரைச் சொல்லுங்கள், அட்டை கைக்கு வந்துவிடும். மூச்சுத் திணறல், கடுங்காய்ச்சல், ரத்தப்போக்கு என்றால் வரிசையே கிடையாது. நேரே உள்ளே வாருங்கள், பதிவு பிறகு. பழைய மாத்திரை உறையையும் கொண்டு வாங்க. "அந்த வெள்ளை மாத்திரை" என்றால் எனக்கு எது என்று தெரியும்? அலமாரியில் பாதி வெள்ளைதான்!

இன்னொன்று. எம்.சி. சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படுத்துவிடாதீர்கள். லீவு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்காவிட்டால், சீட்டு இருந்தும் அனுமதியின்றி வராதவர் என்றே 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் கருதும். அந்த நாள் சம்பளம் போச்சு. அதனால் சீட்டு எழுதும்போதே நகலை நான் ஆபீசுக்கு அனுப்பிவிடுகிறேன். நீங்களும் மண்டோரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.