மீத்தேன் உறையவில்லை, நீர்தான் உறைந்தது

பத்தாம் வகுப்பில் கார்பன் சேர்மங்கள் பற்றிய பாடத்தை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு படத்தைக் காட்டுவது என் வழக்கம். கையுறை அணிந்த ஒருவரின் உள்ளங்கையில் வெள்ளைக் கட்டி ஒன்று இருக்கும். அதன்மேல் சுடர் எரியும். "கடலுக்கு அடியில் கிடைக்கும் உறைந்த மீத்தேன் இது. எரியும் பனிக்கட்டி என்பார்கள். நாளைய எரிபொருள்" என்பேன். மாணவர்கள் வியந்து பார்ப்பார்கள். நான் அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன்.

சென்ற ஆண்டு அப்படிப் போக முடியவில்லை. கரும்பலகையில் மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன் ஆகியவற்றின் உருகுநிலையையும் கொதிநிலையையும் அட்டவணையாக எழுதியிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "சார், மீத்தேனோட உருகுநிலை மைனஸ் 182ன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. கடலுக்கு அடியில அவ்வளவு குளிரா சார்?" என்று கேட்டாள்.

கடலின் அடியாழத்தில் நீரின் வெப்பநிலை பொதுவாக 2 முதல் 4 டிகிரி செல்சியஸ்தான். அந்த வெப்பநிலையில் மீத்தேன் எப்படி உறையும்? என்னிடம் பதில் இல்லை. "நாளைக்குச் சொல்கிறேன்மா" என்றேன். அன்றிரவு படித்தபோதுதான், இத்தனை ஆண்டுகளாக ஒரு தவறான சொல்லைப் பாடமாக நடத்திவந்திருக்கிறேன் என்பது புரிந்தது. அதைத் திருத்திக்கொண்ட வழியில் தெரிந்துகொண்டவற்றைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

நீர் கட்டிய கூண்டு

அந்த வெள்ளைக் கட்டியின் பெயர் மீத்தேன் ஹைட்ரேட். அதில் திண்மமாகியிருப்பது நீர்தான். நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றோடொன்று கைகோத்துக் கூண்டு போன்ற வடிவங்களை அமைக்கின்றன. ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் ஒரு மீத்தேன் மூலக்கூறு அகப்பட்டுக்கொள்கிறது. மீத்தேனுக்கும் நீருக்கும் இடையே வேதிப்பிணைப்பு எதுவும் இல்லை. ஆனால் உள்ளே ஒரு விருந்தாளி இல்லாவிட்டால் கூண்டு நிலைக்காது.

இந்தப் படிகத்தின் ஓர் அலகில் 46 நீர் மூலக்கூறுகள் உண்டு. அவை 8 கூண்டுகளை அமைக்கின்றன: சிறியவை 2, பெரியவை 6. எல்லாக் கூண்டுகளும் நிரம்பினால் 46 நீர் மூலக்கூறுகளுக்கு 8 மீத்தேன் மூலக்கூறுகள். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் சிதைந்தால் இயல்பான அழுத்தத்தில் ஏறத்தாழ 164 கன மீட்டர் மீத்தேனும் 0.8 கன மீட்டர் நீரும் கிடைக்கும்.

இத்தகைய பொருள் வேதியியலுக்குப் புதியதன்று. 1810இல் ஹம்ப்ரி டேவி குளோரினும் நீரும் சேர்ந்து இவ்வாறு திண்மமாவதைக் கண்டறிந்தார். 1934இல் அமெரிக்க வேதியியலாளர் ஹாமர்ஷ்மிட், இயற்கை எரிவாயுக் குழாய்கள் குளிர்காலத்தில் அடைத்துக்கொள்வதற்கு ஹைட்ரேட்டே காரணம் என்று காட்டினார். அது கடலடியில் இயற்கையாகவே இருக்கிறது என்பது அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது.

மேலும் ஓர் எல்லை, கீழும் ஓர் எல்லை

இந்தக் கூண்டு நிலைத்திருக்கக் குளிர் மட்டும் போதாது; அழுத்தமும் வேண்டும். 4 டிகிரி வெப்பநிலையில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 40 மடங்கு அழுத்தம் தேவை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. எனவே 400 மீட்டர் ஆழத்தில் தேவையான அழுத்தம் வந்துவிடும். ஆனால் வங்கக்கடல் போன்ற வெப்பக் கடல்களில் அந்த ஆழத்தில் நீர் போதிய அளவு குளிர்ந்திருக்காது. அங்கே இன்னும் ஆழத்துக்குப் போக வேண்டும்.

இது மேல் எல்லை. கீழேயும் ஓர் எல்லை உண்டு. கடல்தளத்தைத் தாண்டிச் சேற்றுக்குள் இறங்க இறங்க, பூமியின் உள்வெப்பத்தால் வெப்பநிலை கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அங்குள்ள அழுத்தம் போதாமல் கூண்டு உடைந்துவிடும். அதற்குக் கீழே மீத்தேன் வாயுவாகவோ நீரில் கரைந்தோதான் இருக்க முடியும். கடலடிக்கு ஒலி அலைகளை அனுப்பினால், ஹைட்ரேட் முடிந்து வாயு தொடங்கும் இந்த எல்லையிலிருந்து வலுவான எதிரொலி வருவதுண்டு. ஹைட்ரேட்டைத் தேடுவோருக்கு முதல் தடயம் பெரும்பாலும் இதுதான்.

கிருஷ்ணா கோதாவரிப் படுகை

நமக்கு அருகிலேயே இதற்குச் சிறந்த சான்று இருக்கிறது. ஆந்திரக் கடற்கரைக்கு அப்பால் உள்ள கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் 2006இல் இந்தியாவின் தேசிய வாயு ஹைட்ரேட் திட்டம், 'ஜாய்ட்ஸ் ரெசொல்யூஷன்' என்ற கப்பலைக் கொண்டு துளையிட்டது. சுமார் 1,000 மீட்டர் நீருக்கு அடியில் ஓர் இடத்தில், ஏறத்தாழ 130 மீட்டர் தடிமனுக்கு ஹைட்ரேட் பரவியிருந்தது.

அது பாளம் பாளமான பனிப்படலமாக இருக்கவில்லை. களிமண்ணில் உள்ள விரிசல்களை நிரப்பிக்கொண்டு, நரம்புகள்போல் ஓடியிருந்தது. ஏன் விரிசல்களில்? அந்த மீத்தேன் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

இரு பெரிய ஆறுகளும் காலங்காலமாக வண்டலையும் அதனுடன் மக்கிய தாவரப் பொருள்களையும் கடலில் கொட்டுகின்றன. ஆக்சிஜன் இல்லாத சேற்றுக்குள் நுண்ணுயிரிகள் அவற்றைச் சிதைத்து மீத்தேனை உண்டாக்குகின்றன. மேலே புதிய வண்டல் சேரச் சேர, அடியிலுள்ள சேறு நசுங்குகிறது. அரைத்த மாவைத் துணியில் மூட்டையாகக் கட்டி மேலே கல்லை வைத்தால் நீர் வழி தேடி வெளியேறும் அல்லவா? அதுபோல் சேற்றிலுள்ள நீரும், அதில் கரைந்த மீத்தேனும், சில இடங்களில் குமிழ்களாக வாயுவும் விரிசல்கள் வழியே மேலேறுகின்றன. ஹைட்ரேட் நிலைக்கும் பகுதிக்குள் வந்ததும், வந்த வழியிலேயே கூண்டு கட்டப்படுகிறது. ஆகவே ஹைட்ரேட் நரம்பு என்பது கசிவு நடந்த பாதையின் தடம்.

2015இல் ஜப்பானின் 'சிக்யூ' கப்பலைக் கொண்டு நடந்த இரண்டாவது ஆய்வில், இதே படுகையின் மணல் அடுக்குகளிலும் ஹைட்ரேட் கண்டறியப்பட்டது.

துளையிட்டு எடுத்த மண்ணில் ஹைட்ரேட் இருந்ததை எப்படி அறிவது? மேலே கொண்டுவருவதற்குள் பெரும்பகுதி சிதைந்துவிடுமே! இதற்கான இரு விடைகளும் நம் பாடங்களிலேயே உள்ளன. ஹைட்ரேட் சிதைவது வெப்பம் கொள் வினை. எனவே ஹைட்ரேட் இருந்த இடம் சுற்றிலும் உள்ள மண்ணைவிடக் குளிர்ந்திருக்கும். அகச்சிவப்புக் கேமரா அதைக் காட்டிவிடும். அடுத்தது உப்பு. கூண்டு கட்டும்போது நீர் உப்பை வெளியே தள்ளிவிடுகிறது. அது சிதையும்போது நன்னீர் வெளிவருகிறது. மண்ணின் நுண்துளை நீரில் உப்பு இயல்பைவிடக் குறைந்திருந்தால், எவ்வளவு ஹைட்ரேட் இருந்தது என்று கணக்கிடலாம்.

கசிவை நம்பி வாழும் உயிர்கள்

வரும் மீத்தேன் எல்லாம் கூண்டில் சிக்கிவிடுவதில்லை. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இதே படுகையில் 900 முதல் 1,800 மீட்டர் ஆழத்தில் கடல்தளத்திலிருந்து வாயுக் குமிழ்கள் தூண்போல் எழுவதை ஒலி அலைகளின் உதவியால் கண்டனர். 2019இல் இதனை வெளியிட்டனர். சில இடங்களில் கடல்தளத்துக்கு 2 அல்லது 3 மீட்டர் கீழேயே ஹைட்ரேட் கிடைத்தது. இத்தகைய இடங்களைக் குளிர் கசிவுகள் என்பர். எரிமலைப் பகுதிகளின் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து வேறுபடுத்திக் காட்டவே இப்பெயர்.

அங்கே சிப்பிகளும் குழாய்ப் புழுக்களும் நத்தைகளும் கூட்டமாக வாழ்கின்றன. சூரிய ஒளி எட்டாத இடத்தில் அவற்றுக்கு உணவு ஏது? சேற்றுக்குள் ஆர்க்கியா என்ற நுண்ணுயிரிகளும் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்களும் கூட்டாளிகளாக வாழ்ந்து, ஆக்சிஜன் இல்லாமலேயே மீத்தேனை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. வினை இதுதான்: மீத்தேனும் சல்பேட்டும் சேர்ந்து பைகார்பனேட், ஹைட்ரஜன் சல்பைடு, நீர் ஆகியவற்றைத் தருகின்றன. இந்தக் கூட்டணியை 2000ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஓரிகன் கடற்கரைக்கு அப்பாலுள்ள 'ஹைட்ரேட் ரிட்ஜ்' என்ற கடலடி மேட்டின் சேற்றில் கண்டறிந்தனர்.

வெளிவரும் ஹைட்ரஜன் சல்பைடு, சிப்பிகளின் செவுள்களிலும் குழாய்ப் புழுக்களின் உடலிலும் வாழும் பாக்டீரியாக்களுக்கு ஆற்றல் மூலமாகிறது. இதுவே வேதிச்சேர்க்கை. பைகார்பனேட் கடல்நீரின் கால்சியத்துடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட் பாறையாகிறது. மெதுவாகக் கசியும் மீத்தேனின் பெரும்பகுதி இப்படிச் சேற்றிலேயே தீர்ந்துவிடுகிறது. வேகமாகக் குமிழிட்டு எழுவது மட்டுமே கடல்நீரை அடைகிறது. அதுவும் மிக ஆழத்தில் என்றால், மேற்பரப்புக்கு வருமுன் பெரும்பாலும் நீரில் கரைந்துவிடும்.

புதையலா, வெடிகுண்டா?

நான் வகுப்பில் சொல்லிவந்தது புதையல் கதை. ஜப்பான் 2013இல் நான்காய் அகழிப் பகுதியில் அழுத்தத்தைக் குறைத்துக் கடலடி ஹைட்ரேட்டிலிருந்து வாயுவை எடுத்தது. ஆறே நாளில் கிணற்றுக்குள் மணல் புகுந்து சோதனை நின்றது. 2017இல் சீனா தென்சீனக் கடலில் 60 நாள் எடுத்துக் காட்டியது. இவை சோதனைகளே, வணிக உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை. 2010 மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவின்போது, சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் கசிவின்மேல் இறக்கிய இரும்புக் கூடாரத்தை ஹைட்ரேட்டே அடைத்து அந்த முயற்சியைத் தோற்கடித்தது.

மற்றொன்று வெடிகுண்டுக் கதை: கடல் சூடானால் அத்தனை மீத்தேனும் ஒரே நாளில் வெளியேறி உலகம் அழியும் என்பது. மீத்தேன் வலிமையான பசுமை இல்ல வாயு என்பது உண்மை. ஆனால் ஹைட்ரேட்டின் பெரும்பகுதி ஆழ்கடலில், நிலைப்புக்குத் தேவையானதைவிட மிகுந்த அழுத்தத்தில் இருக்கிறது. வெப்பம் சேற்றுக்குள் இறங்குவதும் மெதுவாகத்தான். கவனிக்க வேண்டியது, ஹைட்ரேட் நிலைக்கும் பகுதி மெலிந்து முடிகிற கண்டச்சரிவின் மேல் விளிம்பை.

இரண்டு கதைகளும் மாணவரை வியக்கவோ அஞ்சவோ வைக்கும். அழுத்தம், வெப்பநிலை, கசிவு ஆகிய மூன்றின் சமநிலையைச் சொன்னால் அவர்கள் கணக்கிடத் தொடங்குவார்கள்.

வகுப்பறையில்

மறுநாள் ஈர்க்குச்சித் துண்டுகளும் களிமண்ணும் கொண்டுபோனேன். 20 களிமண் உருண்டைகள், 30 குச்சிகள். எல்லா முகங்களும் ஐங்கோணமாக வரும்படி இணைத்தால் 12 முகங்கள் கொண்ட சிறிய கூண்டு கிடைக்கும். உருண்டைகள் நீர் மூலக்கூறுகளைக் குறிக்கும். கடைசி முகத்தை மூடுமுன் உள்ளே ஒரு கோலிக்குண்டைப் போட வேண்டும், அது மீத்தேன். கணித ஆசிரியர் இதையே ஆய்லர் வாய்ப்பாட்டுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்: 20 முனைகளில் 30 விளிம்புகளைக் கழித்து 12 முகங்களைக் கூட்டினால் 2.

கூண்டு செய்து முடித்ததும், "நேற்று நான் சொன்னது தவறு. மீத்தேன் உறையவில்லை; நீர்தான் உறைந்து அதைப் பிடித்து வைத்திருக்கிறது" என்றேன். கேள்வி கேட்ட மாணவி கூண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்படின்னா எரியும் பனிக்கட்டிங்கிறதும் தப்புதானே சார்? பனிக்கட்டி உருகுது, மீத்தேன்தான எரியுது."

சரிதான். அந்தப் படத்தை இந்த ஆண்டும் காட்டினேன். அதன் அடியில் எழுதியிருந்த தலைப்பை மட்டும் மறைத்துவிட்டு, இதில் எரிவது எது, உருகுவது எது என்று கேட்டுப் பாடத்தைத் தொடங்கினேன்.