தூசும் உப்பும் சந்திக்கும் இடம்

உங்கள் வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். உப்பு கட்டி தட்டியிருக்கும். சில வீடுகளில் அதற்காகவே ஒரு பிடி அரிசியை உள்ளே போட்டு வைத்திருப்பார்கள். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். நம் ஜொகூரில் இரவு வேளையில் ஈரப்பதம் அதைத் தாண்டுவது வழக்கமான ஒன்று. ஆனால் அதே சமையலறைச் சன்னலில் படிந்திருக்கும் தூசு இப்படிக் கரைவதில்லை. அது களிமண், மணல் போன்ற கனிமங்களின் துகள். ஈரம் அதன்மேல் மெலிதாகப் படியும், அவ்வளவுதான்.

குணத்தில் இவ்வளவு வேறுபட்ட இந்த இரண்டும் வானில் ஒரே துகளாக ஒட்டிக்கொள்கின்றன. எப்படி?

முதலில், இவை வானுக்கு எப்படிப் போகின்றன என்று பார்ப்போம். வடகிழக்குப் பருவக்காற்றின்போது மெர்சிங், டெசாரு கடற்கரைகளில் அலைகள் வெண்ணுரையாக உடையும். நுரை என்பது காற்றுக் குமிழிகள். ஒவ்வொரு குமிழியும் வெடிக்கும்போது நுண்ணிய நீர்த்துளிகள் மேலே தெறிக்கும். அவற்றிலுள்ள நீர் ஆவியாகி, உப்பு காற்றில் மிதக்கும். கனிமத் தூசு கிளம்புவது சஹாரா, அரேபியா, கோபி போன்ற பாலைவனங்களிலிருந்து. ஒரு மைக்ரோமீட்டர் விட்டமுள்ள தூசுத் துகள், அசையாத காற்றில் ஒரு நாள் முழுவதும் விழுந்தாலும் பத்து மீட்டர்கூட இறங்காது. ஆகவே காற்றோடு கடல் கடந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும்.

1986இல் மைன்ராட் ஆண்ட்ரே என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கரையிலிருந்து வெகுதூரத்தில், கடல்மேல் பிடித்த துகள்களை ஒவ்வொன்றாக மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்திருந்தார்கள். மண்ணின் சிலிக்கேட் துகள்களில் பெரும்பகுதி தனியாக இல்லை. கடலுப்போடு ஒன்றாகச் சேர்ந்திருந்தது. இது எப்படி நடந்தது என்று அவர்கள் தேடிய விதம், துப்பறியும் கதையைப் போன்றது.

கடலில் விழுந்த தூசு அலையோடு மீண்டும் தெறித்து வந்திருக்குமா? இல்லை. அவ்வளவு பரந்த நீரில் கரைந்துபோன சொற்பத் தூசு, துளிக்கொரு துகளாகத் திரும்பி வரப் போதாது. காற்றில் ஒன்றோடொன்று மோதி ஒட்டியிருக்குமா? அதற்கும் வாய்ப்பில்லை. நடுக்கடல் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு இத்தகைய பெரிய துகள்கள் ஓரிரண்டு இருந்தாலே அதிகம். அவை தற்செயலாகச் சந்திக்கப் பல நாள் ஆகும். மிஞ்சியது மேகம்.

மேகத்துளி உருவாக ஒரு கரு வேண்டும். உப்பு அதற்கு மிகப் பொருத்தமான கரு. உப்பின்மேல் உருவான துளி, வழியில் தூசை விழுங்கலாம். தூசைச் சுமக்கும் இன்னொரு துளியோடு இணையலாம். ஒரு மில்லிமீட்டர் மழைத்துளிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும் என்பதால், பெரும்பாலான மேகங்கள் பெய்யாமலே கலைந்துவிடுகின்றன. துளி வற்றும்போது நீர் மட்டுமே போகிறது. உள்ளே இருந்த உப்பும் தூசும் ஒரே துகளாக மிஞ்சுகின்றன. நாம் “மேகம் கலைந்துவிட்டது, மழை இல்லை” என்று ஏமாற்றத்தோடு சொல்கிறோமே, அப்போதுதான் இந்த வேலை நடந்து முடிகிறது!

உப்புப் பூசிய தூசு இனிப் பழைய தூசு அல்ல. ஈரப்பதம் 80 விழுக்காடு ஆனால் உப்புத் துகளின் விட்டம் ஏறத்தாழ இரு மடங்காகும். அதாவது கன அளவு எட்டு மடங்கு. அந்த உப்பைச் சுமக்கும் தூசும் நீரை ஈர்த்துப் பருத்து, அடுத்த மேகத்தில் பெரிய துளியாகி, சிறு துளிகளைச் சேர்த்துக்கொண்டு விரைவில் மழையோடு இறங்கிவிடும். தூசின் பயணம் குறைகிறது.

இதில் ஒரு சிக்கல் அரபிக் கடலில் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை பலத்த காற்று பாலைவனத் தூசை அள்ளி வருகிறது. அதே பருவத்தில் வீசும் காற்று அலைகளை உடைத்து உப்பையும் கிளப்புகிறது. செயற்கைக்கோள் படத்தில் இரண்டும் ஒரே மங்கலாகத் தெரியும். ஆனால் தூசு வெயிலை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்கும். உப்போ ஒளியைச் சிதறடிக்க மட்டுமே செய்யும். மேற்காசியத் தூசு காற்றைச் சூடாக்குவதால், ஒரு வாரத்துக்குள் மத்திய இந்தியாவில் மழை கூடுகிறது என்று 2014இல் வினோஜும் அவருடைய குழுவினரும் ‘நேச்சர் ஜியோசயன்ஸ்’ இதழில் காட்டினார்கள். அப்படியானால் அந்த மங்கலில் எவ்வளவு தூசு, எவ்வளவு உப்பு என்பது விதைப்பை நம்பி நிற்கும் விவசாயிக்கும் முக்கியமான கணக்கு. 2006 முதல் 2023 வரை இயங்கிய கலிப்சோ செயற்கைக்கோள், லேசர் ஒளியை அனுப்பி அது திரும்பும் விதத்தை அளந்தது. ஈரமான உப்புத்துளி உருண்டை, தூசு கோணல்மாணல். உருவ வேறுபாடு ஒளியில் தெரியும். இரண்டுக்கும் நடுவான துகள்களுக்கு, ‘தூசு கலந்த கடற்காற்று’ என்று பின்னர் தனி வகையே சேர்க்க வேண்டியதாயிற்று.

பாலைவனம் நமக்குத் தூரம். ஆனால் சுமத்ராவின் புகை பக்கத்தில்தான். 2013 ஜூன் 23 அன்று மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டியிருந்தது. மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் புகையும் கடலுப்பைச் சந்திக்கிறது. இங்கே நடப்பது வேதியியல்:

சோடியம் குளோரைடு + நைட்ரிக் அமிலம் → சோடியம் நைட்ரேட் + ஹைட்ரஜன் குளோரைடு

ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகப் பிரிந்து போய்விடும். கடல்நீரில் குளோரைடின் நிறை சோடியத்தைப்போல் 1.8 மடங்கு. காற்றில் பிடித்த துகள்களில் இந்த விகிதம் குறைந்திருந்தால், அந்த உப்பு வழியில் அமிலத்தைச் சந்தித்து வந்திருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டுகொள்வார்கள்.