மருத்துவமனை இணையத்தளங்களில் தமிழ் உள்ளடக்கம்: திட்டமிடலும் மொழிநடையும்

முன்னுரை

மருத்துவமனைகள் தமக்கென இணையத்தளம் அமைத்துக்கொள்வது இன்று இயல்பான செயலாகிவிட்டது. அத்தளத்தில் எதை எழுதுவது, யாருக்காக எழுதுவது, எம்மொழியில் எழுதுவது, எழுதியதைக் காலந்தோறும் திருத்துபவர் யார் என்னும் வினாக்களுக்கு முன்கூட்டியே விடை காண்பதை உள்ளடக்கத் திட்டமிடல் என்பர். பல மொழியினர் வாழும் மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் இத்திட்டமிடலில் தமிழுக்குரிய இடம் யாது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. ஆங்கிலப் பக்கம் முற்றுப்பெற்ற பின் இறுதியில் ஒட்டப்படும் மொழிபெயர்ப்பாகத் தமிழ் அமைதல் போதாது. தொடக்கத்திலிருந்தே திட்டத்தின் உறுப்பாக அமைதல் வேண்டும் என்பது நமது கருத்து.

மொழியில் நேரும் சிறு பிழையும் உடலைத் தாக்கும் என்பதற்குப் பெர்லின் நகரில் 2006, 2007ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது ஒரு சான்றாகும். செயற்கை முழங்கால் மூட்டின் உறையிலிருந்த ஆங்கிலக் குறிப்பு தவறாகப் பொருள்கொள்ளப்பட்டது. அதனால் எலும்புச் சிமெண்டு கொண்டு பொருத்தப்பட வேண்டிய மூட்டுகள், 47 அறுவைச் சிகிச்சைகளில் சிமெண்டு இன்றியே பொருத்தப்பட்டன. மருத்துவப் பயிற்சி பெற்றோரிடையே இவ்வாறு நேருமாயின், வீட்டில் தனியே அமர்ந்து ஓர் அறிவுரையைப் படிக்கும் முதியவர் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நோயாளியின் வினாவே தொடக்கம்

மருத்துவமனைத் தளங்கள் பலவும் நிருவாக அமைப்பை ஒட்டியே வகுக்கப்படுகின்றன. துறைகளின் பெயர்கள், கருவிகளின் சிறப்பு, பெற்ற விருதுகள் ஆகியன முன்னிற்கும். நோயாளியோ ‘இரைப்பை குடலியல் துறை’யைத் தேடி வருவதில்லை, வயிற்றுவலிக்கு விடை தேடி வருகிறார். உள்நோக்கிப் பரிசோதனைக்கு நாள் குறிக்கப்பட்டவர் அறிய விரும்புவன சிலவே. எத்தனை மணிக்கு வர வேண்டும்? எப்போது முதல் உண்ணக்கூடாது? வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரையை என்ன செய்வது? வீட்டுக்கு அழைத்துச் செல்ல யாரேனும் உடன்வர வேண்டுமா? பின்னர் எத்தகைய அறிகுறி தோன்றினால் உடனே மருத்துவமனையை நாட வேண்டும்? பக்கத்தின் தலைப்புகள் இவ்வினாக்களின் வரிசையிலேயே அமைதல் நன்று.

எளிமையும் திட்டத்தின் ஒரு கூறாகும். இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவை, 9 முதல் 11 வயதினர் படித்து உணரத்தக்க எளிமையில் எழுதுமாறு தன் எழுத்தாளர்களை வழிநடத்துகிறது. இது கல்வி குறைந்தோருக்கு மட்டும் உரியதன்று. அச்சத்திலும் வலியிலும் இருப்பவர் எவராயினும் அவருக்கு நீண்ட வாக்கியம் சுமையாகும். மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் ஆறாண்டுத் தொடக்கக் கல்வியை வழங்குவன. அதனோடு தமிழ்க் கல்வியை நிறைவுசெய்தவர்களும் இப்பக்கங்களின் வாசகர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. ‘சிகிச்சைக்குட்படுத்தப்படவிருப்பவர்கள்’ என்னும் சொல்லைக் காட்டிலும் ‘சிகிச்சை பெறப் போகிறவர்கள்’ என்பது பொருந்தும். ஒரு வாக்கியத்தில் ஓர் அறிவுரை மட்டும் இடம்பெறுதல் வேண்டும்.

சொல்லும் பொருளும்

தமிழ்ப் பக்கம் ஆங்கிலத்தின் நிழலாக அமையும்போது எழும் இடர்களுள் மூன்றை ஈண்டுச் சுட்டலாம்.

முதலாவது, பண்பாட்டுப் பொருள் ஏறிய சொற்கள். இரத்தப் பரிசோதனைக்கு முன் உணவு தவிர்த்தலை ‘விரதம்’ என்றோ ‘நோன்பு’ என்றோ எழுதுவோர் உளர். விரதத்தின்போது பாலும் பழமும் கொள்ளுதல் நம்மிடையே உள்ள வழக்கம். அவ்வாறு பால் அருந்திவிட்டு வருபவரின் சர்க்கரை அளவு பிழையாகவே காட்டும். மாறாக, நீரும் அருந்தாமல் நோன்பிருப்பவர் இத்தகைய பரிசோதனைக்குப் பொதுவாகத் தேவையற்ற துன்பத்துக்கு ஆளாகிறார். ‘இரவு 10 மணிக்குப் பின் உணவு, பால், தேநீர், பழச்சாறு எதுவும் வேண்டா, வெறும் தண்ணீர் அருந்தலாம்’ என விரித்தெழுதுவதே தக்கது. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சையில் தண்ணீரை நிறுத்தவேண்டிய நேரமும் உண்டாதலால், அதனைத் தனியே எழுதுதல் இன்றியமையாதது.

இரண்டாவது, நேர்மொழிபெயர்ப்பு. பரிசோதனை முடிவு ‘நேர்மறை’ என்று கண்டவர் அதனை நற்செய்தியாகக் கொள்ளுதல் இயல்பே. பொதுவழக்கில் அச்சொல்லின் பொருள் அத்தகையது. ‘தொற்று இருப்பதாகத் தெரிகிறது’ என்பதில் இவ்வையம் எழாது.

மூன்றாவது, ஒரு சொல் பல பொருளையும் ஒரு பொருள் பல சொற்களையும் பெறுதல். ‘கட்டி’ என்னும் சொல் சீழ்க்கட்டிக்கும் வரும். புற்றுநோய்க் கட்டிக்கும் வரும். எனவே எவ்வகைக் கட்டி என்பதைத் தெளிவுறுத்தல் வேண்டும். நீரிழிவு, சர்க்கரை நோய், இனிப்புநீர் ஆகிய மூன்றும் ஒரே நோயைக் குறிப்பன; இறுதியிலுள்ளது நம் வட்டாரத்தில் பரவலாக வழங்குவது. தலைப்பில் ஒரு சொல்லை நிலைநிறுத்தி, முதற்பத்தியிலேயே ஏனைய இரண்டையும் குறித்தால் எச்சொல்லைக் கொண்டு தேடுவோரும் அப்பக்கத்தை அடைவர்.

பொறுப்பும் காலக்குறிப்பும்

1995இல் ஜெனீவாவில் தோன்றிய ‘ஹெல்த் ஆன் த நெட்’ அறநிறுவனம், மருத்துவத் தளங்களுக்கென எட்டு நெறிகள் கொண்ட நடத்தை விதியை வகுத்தது. எழுதியவர் தகுதி, சான்றின் மூலம், நிதியுதவி செய்தோர் விவரம், விளம்பரத்தைப் பிரித்துக்காட்டல் ஆகியன அவற்றுள் அடங்கும். அந்நிறுவனம் 2022ஆம் ஆண்டின் இறுதியில் தன் பணியை நிறுத்திக்கொண்டது. நெறிகளின் தேவை மறையவில்லை. அவற்றைப் பேணும் கடமை மருத்துவமனையையே சாரும்.

தமிழ்ப் பக்கத்திற்கு இது கூடுதல் பொருத்தமுடையது. ஆங்கிலப் பக்கம் திருத்தப்பட்டுத் தமிழ்ப் பக்கம் பழையபடியே நின்றால், ஒரே மருத்துவமனை இருவேறு அறிவுரைகளை வழங்கியதாகிறது. காலாவதியான தமிழ்ப் பக்கத்தை விட, பக்கம் இல்லாதிருத்தலே மேல். ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் மருத்துவர் சரிபார்த்த நாளும் அடுத்த சரிபார்ப்பு நாளும் இடம்பெறுதல் வேண்டும். ஆங்கிலப் பக்கத்தைத் திருத்துபவர் தமிழ்ப் பக்கத்துக்குப் பொறுப்பானவருக்கு அறிவித்தலும் விதியாதல் வேண்டும்.

தமிழ் எழுத்துகள் படமாக அல்லாமல் ஒருங்குறியில் அமைதலும் தேவை. படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறிகள் எளிதில் கண்டுகொள்வதில்லை. பார்வைக் குறையுடையோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருள் அதனைப் படித்துக்காட்டுவதற்கும் உறுதியில்லை. பெற்றோருக்காகத் தேடும் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே தேடுவதும் உண்டு. ஆதலின் ஆங்கிலப் பக்கத்திலிருந்து அதே பொருளுக்குரிய தமிழ்ப் பக்கத்திற்கு நேரே செல்லும் இணைப்பு வேண்டும்.

முடிவுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்கினார். மருத்துவத்தைத் தமிழில் கூற இயலுமா என்னும் ஐயம் அன்றே தீர்ந்தது. இன்று எஞ்சியிருப்பது ஆள்வினை. சிங்கப்பூரில் 2014இல் தேசிய மொழிபெயர்ப்புக் குழு அமைக்கப்பட்டமை, அரசுத் தகவல்களின் மொழித்தரம் பொதுநலன் சார்ந்தது என்பதை உணர்த்துகிறது.

தமிழாசிரியர்களும் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் இதில் பங்கேற்றல் கூடும். மொழிபெயர்ப்புப் பாடத்தில் மருத்துவ அறிவுரைகளைப் பயிற்சிப் பொருளாக்கலாம். ஆக்கிய பக்கத்தை முதியோர் சிலரிடம் கொடுத்து, தாம் புரிந்துகொண்டதைத் தம் சொற்களில் திரும்பக் கூறுமாறு கேட்கலாம். அவர் கூற்று மருத்துவர் கருதியதோடு ஒத்துவராவிடில் திருத்தப்பட வேண்டியது பக்கமே ஆகும்.